தெரிந்தது போக மீதி

டால்பின் எப்படித் தூங்கும் என்று பெனிட்டா கேட்டாள். கழுத்தில் கிடந்த, கேட்டதற்குப் பதில் சொல்லும் தேடுமணி ஒரு நொடி மினுங்கியது. "அது கனவு காணுமா என்பது இன்னும் உறுதியாகவில்லை" என்றது. அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்த முத்துச்செல்வியும் அதே கேள்வியைக் கேட்டாள். அவளுடைய மணி பேச்சை நிறுத்தவே இல்லை. மூளையில் பாதி தூங்க மறுபாதி விழித்திருப்பது, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மிதப்பது, மூச்சுக்காக மேலே வருவது, பிறந்த குட்டி தாயை ஒட்டியே நீந்துவது எல்லாம் சொன்னது. உள்ளங்கையில் படம் வேறு விரிந்தது. ஆறாம் வகுப்பே அவளைச் சுற்றி மொய்த்தது.

பெனிட்டாவுக்கு வயிறு எரிந்தது.

தர்மபுரியிலிருந்து செல்வி தூத்துக்குடிக்கு வந்து ஒரு வருடம்தான். மணியும் அப்போது கிடைத்ததுதான். பெனிட்டா நான்கு வயதிலிருந்து கேட்கிறாள். அப்பாவின் வலையில் ஒட்டி வரும் ஒவ்வொரு பூச்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளின் கேள்விகள் மணிக்குள் தடமாகப் பதியும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் மணி பதில் சொல்லும். அப்படியானால் செல்வியின் தடம் உசத்தி, தன்னுடையது மட்டம் என்று பெனிட்டா முடிவுகட்டினாள்.

இரட்டைப் பிள்ளைகளின் மணிகள் மாறிப்போனால் சரிசெய்ய ஒரு வழி இருந்தது. இரண்டு மணிகளையும் ஒட்டிப் பிடித்து இருவரும் பெருவிரல் வைத்தால் தடங்கள் இடம் மாறிவிடும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெனிட்டா செல்வியிடம் போய், அவள் மணியோடு தன் மணியை ஒட்டிப் பிடித்தாள்.

"இதுல விரல் வைட்டி. மணியைப் புதுப்பிக்கணுமாம், டீச்சர் சொன்னாங்க."

செல்வி தயிர்ச்சோற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று முதல் பெனிட்டாவின் மணி பொழிந்தது. பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் சுற்றி நின்று கேட்க ஆள் இருந்தது. புதிதாக எதையும் கேட்காமல், நீளமாகப் பதில் வரக்கூடியதாகப் பார்த்துக் கேட்கப் பழகினாள்.

செல்வியின் மணியோ ஒற்றை வரிக்குச் சுருங்கியது. அந்த வரியும் புரியவில்லை. இரண்டு நாள் அழுதாள். பிறகு நூலகத்தில் போய்த் தேடினாள். கரையில் வலை பிரிப்பவர்களிடம் போய் நின்றாள்.

"உன்கூடப் படிக்க பிள்ளை என்னமா கேள்வி கேக்கா தெரியுமா!" என்று பெனிட்டாவின் அப்பா ஒருநாள் வீட்டில் வியந்தார். பெனிட்டா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ஆறு மாதம் கழித்து, கடலாய்வுப் பள்ளிக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க ஹெப்சிபா டீச்சர் எல்லாத் தடங்களையும் பார்த்தார். இரண்டு தடங்கள் நடுவில் இடம் மாறியிருந்ததைக் கண்டு இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். பெனிட்டா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"மணி, தெரிஞ்சதைத் திரும்பச் சொல்லாதும்மா. தெரிஞ்சது போக மீதியைத்தான் சொல்லும். பதில் சுருங்கச் சுருங்க நீ முன்னால போயிருக்கேன்னு அர்த்தம்."

"ஏன் டீச்சர் எங்ககிட்ட சொல்லல?" என்று பெனிட்டா கேட்டாள்.

"ஒருத்தியைப் பாத்து ஒருத்தி பொறாமைப்படக் கூடாதுன்னுதான்."

பெனிட்டா விம்மினாள். "அது என் ஏழு வருசம் டீச்சர். திருப்பித் தரச் சொல்லுங்க."

செல்வி தன் மணியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"என்கிட்ட பொய் சொல்லித்தானே மாத்துன? ஒவ்வொரு வரிக்கும் நாள்கணக்கா அலைஞ்சேன். இப்ப இதுல என் கேள்வியும் இருக்கு. விரல் வைக்க மாட்டேன்."

இரண்டு விரல்களும் மனமொப்பி வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். டீச்சர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். செல்வி அசையவில்லை. மணியில் இருக்கும் தடத்தை வைத்துத்தான் தேர்வு என்பதால், அடுத்த ஜூனில் அவள்தான் கடலாய்வுப் பள்ளிக்குப் போனாள்.

பெனிட்டா அதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து, பவளப்பாறை ஏன் வெளுக்கிறது என்று கேட்டாள்.

"பவளம் கல் அல்ல, உயிர்" என்று தொடங்கியது மணி.

"எனக்குத் தெரியும்."

மணி தொடர்ந்து பேசியது.

"தெரியும்னு சொல்லுதேம்லா!"

தெரியும் என்று பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்றெண்ணி, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மணி செவிகொடுக்காதபடி செய்திருந்தார்கள்.