அல்சைட் மாமாவின் ஏழு நாள்கள்

ஒடெட்டுக்குப் பத்து வயது. அவளுடைய அல்சைட் மாமா சிறைக்குப் போய்ப் பதினேழு வருடம். அதனால் மாமாவைச் சிறையின் பார்வையாளர் அறையிலும், சனிக்கிழமைத் தொலைபேசியிலும் மட்டுமே அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பது வயதில் ஒரு நாள் இரவு மாமா இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கடையின் பூட்டை உடைத்தார். தப்புதான். மாமாவே அப்படித்தான் சொல்வார். ஆனால் அதற்கு முன்னால் செய்த இரண்டு சின்னத் தப்புகளையும் அதோடு கூட்டி, லூசியானா மாநிலத்துச் சட்டம் அவருக்கு முப்பது வருடத் தண்டனை கொடுத்துவிட்டது. நியூ ஆர்லியன்ஸில் அவர்கள் தெருவே கொதித்துப் போனது.

இப்போது ஒரு நீதிபதி அந்தத் தண்டனையை மறுபடி பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். விசாரணைக்கு இரண்டே வாரம் இருந்தது.

ஞாயிறுதோறும் தெருக்காரர்கள் தேவாலயத்தின் பின்கூடத்தில் கூடினார்கள். கூட்டத்தை நடத்தியவர் லியோனி அக்கா. அவரும் ஒன்பது வருடம் உள்ளே இருந்து வந்தவர். இதுவரை பதினொரு பேரைச் சிறையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த கூட்டம் அது.

“ஜட்ஜ் கையில இருக்கிற காகிதத்துல அல்சைட்டோட ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கு. மிச்ச வாழ்க்கையை நாமதான் கொண்டுபோய்க் காட்டணும்,” என்றார் அவர்.

ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். அம்மா ஒரு புகைப்படம் தந்தாள். அதில் குழந்தை அல்சைட் குளியல் தொட்டியில் தலையெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆசிரியை கடிதம் எழுதியிருந்தார். சிறையில் ரொட்டி சுடக் கற்றதற்கான சான்றிதழும் வந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு தடித்த கோப்பில் ஒட்டினார்கள்.

ஒடெட் அதை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தாள்.

“எல்லாம் பழசாவே இருக்கே அக்கா. வெளியே வந்தா திங்கக்கிழமை மாமா என்ன பண்ணுவார்னு ஜட்ஜ் கேட்டா?”

லியோனி அக்கா பேனாவை மூடினார். “கேப்பாங்க கண்ணு. முதல்ல அதைத்தான் கேப்பாங்க.”

மறுநாள் பள்ளி விட்டதும் ஒடெட் ஒரு பெரிய அட்டையில் ஏழு கட்டம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ரொட்டிக்கடை யூலலி அத்தை, மாமா உள்ளே எண்ணூறு பேருக்கு ரொட்டி சுடுகிறார் என்று கேட்டதும் திங்கள், செவ்வாய், புதன் மூன்றையும் எடுத்துக்கொண்டார். சம்பளமும் உண்டு என்று எழுதச் சொன்னார். ஓசியஸ் தாத்தா டியூபா ஊதுகிறவர். அந்த வாத்தியம் அவரைவிடப் பெரியது. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு அதைத் தூக்கிவர ஆள் வேண்டும் என்றார். சனிக்கிழமை தேவாலயத்தில் நடக்கும் மீன் வறுவல் விருந்துக்கு மீன் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் அம்மா தன் கையாலேயே எழுதினாள்: ‘மதியச் சாப்பாடு. நேரத்துக்கு வரணும்.’ அதன் கீழே லியோனி அக்கா, ‘மாலை: அடுத்தவரை வீட்டுக்குக் கூட்டிவரும் கூட்டம்’ என்று சேர்த்தார்.

வியாழன் மட்டும் காலி. பாக்கி இருந்தது மூலைவீட்டுக் கிட்ரி ஐயா ஒருவர்தான். அவர் வீட்டில் முன்பொருமுறை திருட்டுப் போயிருந்தது.

“பூட்டு உடைச்சவனுக்கு என் வீட்ல வேலை இல்லை,” என்றார் அவர்.

ஒடெட்டுக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் திருட்டுப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது என்றும் தோன்றியது. “சரிங்க ஐயா,” என்று திரும்பினாள். அவர் வீட்டு கேட் ஒரு பக்கம் கழன்று தரையில் உரசியது. அப்படியே விட்டுப் போக மனமில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கேட்டைத் தூக்கிப் பிடித்து, மூச்சு வாங்க வாங்கச் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் கிட்ரி ஐயா அவர்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“வியாழக்கிழமை இன்னும் காலியாத்தான் இருக்கா?”

“ஆமாங்க ஐயா.”

“கேட்டைச் சரி பண்ணட்டும். ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன். அதையும் எழுதிக்க.”

அவள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

விசாரணை நாளன்று நீதிமன்றத்தின் ஐந்து வரிசைகளைத் தெருக்காரர்களே நிரப்பினார்கள். நீதிபதியம்மா கோப்பைப் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒடெட்டின் அட்டையை எடுத்து ஒவ்வொரு நாளாக வாய்விட்டுப் படித்தார்.

“வியாழன்: கேட் சரி செய்வது. கிட்ரி ஐயா பக்கத்திலேயே நிற்பார்.” நிமிர்ந்து பார்த்தார். “யார் இந்தக் கிட்ரி?”

கடைசி வரிசையில் கிட்ரி ஐயா தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

“நான்தாங்கம்மா. என் வீட்ல ஒரு தடவை திருட்டுப் போச்சு. அதனால கண்டிப்பா பக்கத்துலயே நிப்பேன்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா அவன் பக்கத்துல நான் நிக்கணும்னா, முதல்ல அவன் வரணும்ல?”

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரில் சிறை உடையில் உட்கார்ந்திருந்த அல்சைட் மாமா மட்டும் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். பதினேழு வருடமே போதும், அதிகம்கூட, என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னபோதும் அவர் கையை எடுக்கவில்லை. ஒடெட் ஓடிப்போக எழுந்தாள். அம்மா அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், தானே ஓடிவிடாமல் இருக்க.

சனிக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். ஓசியஸ் தாத்தாவின் குழு தெருமுனையிலிருந்து வாசல்வரை வாசித்துக்கொண்டே முன்னால் வந்தது. திங்கள் விடியற்காலையில் யூலலி அத்தையே வந்து ஜன்னலைத் தட்டி அவரை எழுப்பிக் கூட்டிப்போனார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்த ஒடெட் மூலைவீட்டில் எட்டிப் பார்த்தாள். மாமா மட்டும் தனியாகக் கேட்டின் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது.

“ஐயா எங்க மாமா? பக்கத்துல நிப்பேன்னாரே?”

“அஞ்சு நிமிஷம் நின்னார். எனக்குத் தாகமா இருக்கும்னு உள்ள போனவர், இன்னும் எலுமிச்சம்பழம் தேடிக்கிட்டு இருக்கார்.”

கிட்ரி ஐயா மூன்று கோப்பைகளோடு வெளியே வந்தார். கேட்டை ஒரே விரலால் தள்ளிப் பார்த்தார். சத்தமில்லாமல் போய் வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“பின்பக்க வேலியும் கொஞ்சம் சாஞ்சு கிடக்குது அல்சைட். இந்த ஞாயித்துக்கிழமை காலைல வந்துடறியா?”

மாமா பழச்சாற்றை ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஒடெட்டைப் பார்த்தார்.

“ஜெயில்ல கூட ஞாயித்துக்கிழமை காலைல தூங்க விட்டாங்கம்மா,” என்றார். சொல்லிவிட்டு, வேலியை அளக்கப் பின்பக்கம் நடந்தார்.