அப்பா எங்க?

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள்:

லிஃப்ட் மெக்கானிக்கான அவன், ஹாலில், கடித்துக் குதறப்பட்ட ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி.

அவன் மனைவி, சமையலறையில், வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டிக்கொண்டு.

அவர்களுடைய பெண் குழந்தை, வயது ஒன்று, வீட்டில் கூப்பிடுவது உருண்டை, தொட்டிலில், அரைத்தூக்கத்தில்.

நாய், பெயர் மேனேஜர், சாமான் அறையில், வெளியே தாழ்ப்பாள் போடப்பட்டு.

வேறு யாரும் இல்லை. அப்புறம் வந்த நாட்களில் இதை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தான். வேறு யாரும் இல்லை.

நாய்க்கு அந்தப் பெயரை வைத்தது அவன்தான். வேலையில் மேனேஜர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாது. வீட்டிலாவது அந்தப் பெயரைச் சொல்லி, "டேய் எருமை, இறங்குடா சோபாவ விட்டு" என்று கத்தலாமே என்ற ஆசை. ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். போகப் போக வேடிக்கை தேய்ந்து, கத்தல் மட்டும் நிலைத்தது. நாய்க்குக் கத்தல், அவளுக்குக் கத்தல், பால் கொட்டினால் ஒரு வயதுக் குழந்தைக்கும் கத்தல். சாமான் அறைக் கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாளை அடித்ததும் அவன்தான், நாய்க்குத் தண்டனை கொடுப்பதற்காகவே. ஜன்னல் கிடையாது. பழைய மெத்தை, தொட்டில் வந்த அட்டைப்பெட்டி, உடைந்த ஒரு ஃபேன். மொத்தத்தில் ஒரு லிஃப்ட் கேபின் அளவு இடம்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனுக்கு அத்துப்படி. முதலில் கதவை அடிப்பார்கள். பிறகு கெஞ்சுவார்கள். பிறகு அடங்கிவிடுவார்கள். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்கு வெளியே குனிந்து, கதவு இடுக்கில் வாயை வைத்து அவன் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. "பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன். கதவத் தட்டாதீங்க, காத்து வரும். ஆள் வந்துட்டிருக்காங்க." தாழ்ந்த, மெதுவான, வெதுவெதுப்பான குரல். ஒருமுறை அவன் வீட்டிலிருந்தே போனில் யாருக்கோ அப்படிப் பேசியதை அவள் கேட்டுவிட்டாள். போனை வைத்ததும் சொன்னாள்:

"இந்தக் குரல் எங்கங்க இருந்துச்சு இவ்வளவு நாளா? அடுத்த தடவ வீட்டுக்கு வர்றப்ப கொஞ்சம் பார்சல் வாங்கிட்டு வாங்க."

அதற்கும் கத்தினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாயும் வரிசையாக எல்லாம் செய்தது. பிராண்டியது, முனகியது, அடங்கியது. அவன் ஷூவின் குதிகாலைத் திருப்பிப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான், பாத்திரச் சத்தத்துக்கும் தெருவில் போன வண்டிச் சத்தத்துக்கும் அடியில், சாமான் அறைக்குள்ளிருந்து அது வந்தது: தொப், தொப், தொப் என்று, மெத்தையின் ஓரத்தில் மெல்ல அடிபடுகிற ஒரு வால், வயிற்றைத் தடவிக் கொடுத்தால் மட்டும் அந்த நாய் அடிக்கிற அதே நிதானத் தாளத்தில், நிற்காமல், அவசரமில்லாமல், ஒரு சுகத்தில்.

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தான். நாய் மல்லாந்து படுத்திருந்தது. நான்கு காலும் மேலே. கண்கள் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்து மூலையைப் பார்த்துச் சொருகியிருந்தன. மூலையில் ஒன்றுமில்லை. வாசனை மட்டும் இருந்தது. கிரீஸும் சூடான தூசியும் கலந்த, லிஃப்ட் குழியின் வாசனை. தினமும் அவன் சட்டையில் வீட்டுக்கு வருகிற வாசனை. அவன் அந்த அறைக்குள் தன் சாமான் ஒன்றைக்கூட வைத்ததில்லை.

"வெளிய வாடா," என்றான்.

நாய் எழுந்து, அவன் காலைத் தொடாமல் சுவரோடு ஒட்டி வெளியே போனது. போகும்போது ஒருமுறை திரும்பி மூலையைப் பார்த்தது.

அதிலிருந்து தினமும் அதே கதை. முன்பெல்லாம் அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கேட்டுக்கு ஓடிவருகிற நாய், திட்டு வாங்கினாலும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிற மானங்கெட்ட நாய், இப்போது அவன் உள்ளே நுழைந்தால் எழுந்து போய் சாமான் அறைக் கதவோரம் படுத்துக்கொண்டது. கதவுக்கு அடியில் மூக்கை நுழைத்து, மூச்சை இழுத்து, வாலை ஆட்டியது. தனக்குச் சோறு போடுகிற எஜமான் இங்கே நிற்கிறான். இது ஒரு கதவுக்கு வால் ஆட்டுகிறது. உள்ளுக்குள் எரிந்தது.

அடுத்த வாரம் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, வாய் ஓயாத பேர்வழி. உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வயதுக் குழந்தைகளிடம் எல்லோரும் ஆடுகிற விளையாட்டை ஆரம்பித்தான்.

"உருண்டை, ஃபேன் எங்க?"

குழந்தை அண்ணாந்து ஒரு குட்டி விரலை நீட்டியது.

"அடி சமத்து! அம்மா எங்க?"

அவளைக் காட்டியது.

"மேனேஜர் எங்க?"

கதவோரம் படுத்திருந்த நாயைக் காட்டிவிட்டு, கெக்கெக்கே என்று சிரித்தது.

"சரி, அப்பா எங்க?"

அவன் எதிரே, இரண்டடி தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டான். குழந்தை அவன் முகத்தைத் தாண்டிப் பார்த்தது. விரல் மெல்லத் திரும்பி, நாயைக் கடந்து, சாமான் அறைக் கதவில் போய் நின்றது.

"போச்சு போங்க மாமா!" மச்சினன் தொடையில் தட்டிச் சிரித்தான். "சொந்தப் பொண்ணே உங்கள பழைய சாமான்ல சேர்த்துட்டா!"

"இன்னொரு தடவ கேளு," என்றான் அவன்.

"விளையாட்டுதானே மாமா, விடுங்க..."

"கேளுடா!"

மச்சினன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கேட்டான். விரல் அதே கதவுக்குப் போனது. அவன் எழுந்து வந்து, அந்த விரலைப் பிடித்து, தன் நெஞ்சுப் பக்கம் திருப்பி அழுத்தினான். "இங்க. அப்பா இங்க. பாரு. இங்க!" ஒவ்வொரு 'இங்க'வுக்கும் குரல் ஏறியது. குழந்தை வீறிட்டது. நாய் தலை தூக்கி, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, அவனைப் பார்த்து உறுமியது.

"விரல விடுங்க," என்று அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். மச்சினன் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். வாசலில் நின்று அக்காவிடம், "அக்கா, நீ வேணும்னா ரெண்டு நாள் நம்ம வீட்டுக்கு வந்து இரு," என்று முணுமுணுத்தது இவன் காதிலும் விழுந்தது.

தம்பி போனபின் அவள் தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"வெள்ளிக்கிழம மத்தியானம் நல்லாத்தானே இருந்தீங்க? இன்னைக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழம மத்தியானம் நான் எங்கடி இருந்தேன் வீட்ல?"

"வந்தீங்களே. நான் துணி துவைச்சிட்டு இருந்தேன். இவ அழுதா. அதுக்குள்ள நீங்க பேசுற சத்தம் கேட்டுச்சு. 'பயப்படாத, நான் இங்கதான் இருக்கேன்'னு. அந்த போன் குரல்ல." சொல்லும்போது அவள் முகம் இளகியது. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. "நான் கைய தொடச்சிட்டு வர்றதுக்குள்ள இவ தூங்கிட்டா. நீங்க கிளம்பிட்டீங்க. உங்க சட்ட வாசன கூட இருந்துச்சுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் ஊரின் மறுகோடியில், ஓர் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் குழிக்குள் இடுப்பளவு இருட்டில் நின்றுகொண்டிருந்தான்.

பயம் வந்தது. வந்த வேகத்தில் கோபமாக மாறியது. அவனிடம் எல்லாமே அப்படித்தான் மாறும். "எவன்டி வந்தான்?" என்று கேட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை கேட்டான். டம்ளர் சுவரில் மோதி நெளிந்தது. அவள் அழவில்லை. குழந்தையின் காதைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலமே அவன் ஒரு பூட்டு வாங்கிவந்து, சாமான் அறையின் தாழ்ப்பாளில் மாட்டினான். அழுத்தினால் பூட்டிக்கொள்கிற ரகம். சாவியைத் தன் யூனிஃபார்ம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இனிமே எவன் வர்றான்னு பாக்குறேன்."

பூட்டிய அறை பூட்டியபடியே இருந்தது. ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல, கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் இரண்டு இடத்தில் மறைந்திருக்கும். உள்ளே வெளிச்சமே கிடையாதே என்று அவனுக்கு உறைப்பதற்குள் அது போய்விடும். ஹாலில் அந்தக் கிரீஸ் வாசனை. கதவின் மரத்தில் நாயின் பழைய பிராண்டல்கள். அவற்றுக்குப் பதில் சொல்வதுபோல, உள்ளிருந்து, மெல்ல மெல்லத் தடவுகிற ஓசை. அவன் காதை வைத்தால் நிற்கும். நகர்ந்தால் தொடங்கும்.

புதன்கிழமை வேலையிடத்தில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டான். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான். சாவியை மட்டும் எடுக்கவில்லை. அது பையிலேயே இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உருண்டை தரையில் தவழ்ந்து, சாமான் அறைக் கதவுக்குப் போய், அதைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி எழுந்து நின்றது. உள்ளங்கையால் கதவைத் தட்டியது.

"ப்பா," என்றது.

அவள் கை மடிப்பில் நின்றது. அதுவரை அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ப்பா. அப்பா."

முதல் வார்த்தை. அவனுடைய வார்த்தை. ஒரு கதவுக்குப் போய்விட்டது.

தலைக்குள் ஏதோ அறுந்தது. சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்து தாழ்ப்பாளின் கொண்டியில் தொங்கவிட்டான். சாவியைச் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டான். குழந்தையை ஒரு கையால் நகர்த்தினான். அது விழுந்து அழுதது.

"என்னங்க, வேணாங்க," என்றாள் அவள்.

"இன்னைக்கு எவனா இருந்தாலும் கொன்னுடுவேன்!"

வேலைப்பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மெத்தையைப் புரட்டினான். தூசி. அட்டைப்பெட்டியை உதைத்தான். காலி. ஃபேனின் இறக்கை உருண்டு சுவரில் மோதியது. மூலை. ஒன்றுமில்லை. இன்னொரு மூலை. ஒன்றுமில்லை. வாசனைகூட இல்லை.

வாசனைகூட இல்லை.

முதுகுக்குப் பின்னால், ஹாலில், குழந்தையின் அழுகை நின்றது.

"பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் குரல்.

திரும்பினான். நாற்காலி முதுகில் சட்டை இல்லை. சட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதற்குள் அவன் தோள். அவன் கழுத்து. முன்கையில், கம்பி கிழித்த அவனுடைய அதே தழும்பு. மடியில் உருண்டை. காலடியில் மேனேஜர் மல்லாந்து கிடந்தது. தொப். தொப். தொப்.

நடுவில் அவள். சாமான் அறை வாசலில் நின்று அங்கே பார்த்தாள். இங்கே பார்த்தாள். ஓடவில்லை. கத்தவில்லை. இரண்டு குரலில் எது வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கு அந்த நொடியில் தெரிந்தது.

"உருண்டை," என்றாள், கம்மிய குரலில். "அப்பா எங்க?"

குழந்தை அண்ணாந்து அந்தச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது.

அவள் நாற்காலிக்கு முதுகைக் காட்டி இவன் பக்கம் வந்தாள். அப்போதுதான் அவன் பார்த்தான். அவளுக்குப் பின்னால், அந்த முகம் இவனையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தது. "சரிம்மா, சரிம்மா" என்று ஹால் முழுக்க அவன் குரல் பரவியது. உதடுகள் ஒட்டியே இருந்தன. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. திறப்பதற்காக வரைந்தது அல்ல. அதற்குக் கீழே, தொண்டை மட்டும் அசைந்தது. உள்ளே ஏதோ ஏறி இறங்குவதுபோல. அதன்மேல் குழந்தையின் விரல்.

சொல்ல வேண்டும். திரும்பிப் பார் என்று. குழந்தையைத் தூக்கு என்று. அந்தத் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு முறை சொன்னால் அவள் நம்புவாள். வாயைத் திறந்தான். அந்தக் குரல் இல்லை. தேடினான். இல்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏய்! சனியனே! திரும்பிப் பாருடி!"

வீடு அதிர்ந்தது. நாய் உறுமியது. அவள் கண்ணில் கடைசியாக இருந்த கொஞ்சம் சந்தேகமும் அணைந்தது.

"சத்தம் போடாதீங்க," என்றாள். "பாப்பா பயப்படுறா."

அவள் கதவை மூடினாள், வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. இருட்டு. பாய்ந்தான். தோளால் இடித்தான். அடித்தான். நகத்தால் பிராண்டினான், விரலுக்கடியில் நாயின் பழைய கோடுகள். ஹாலில் காலடி. அவனுடைய காலடி, நிதானமாக, பக்கத்தில் வந்து, குனிந்து, கதவு இடுக்கில் நின்றது.

"பயப்படாதீங்க," என்றது அது, வெதுவெதுப்பாக. "நான் வெளியிலதான் இருக்கேன். கதவத் தட்டாதீங்க, காத்து வரும். ஆள் வந்துட்டிருக்காங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. குழந்தை சிரித்தது. பூட்டை யாரோ அழுத்தினார்கள்.