இரண்டாவதாகக் கேட்டவர்

திருச்செல்வம் கேட்ட விலை திரையில் வந்து விழுவதற்குள், அதற்கு மேலே இன்னொரு விலை நின்றது. அவர் விரலைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

இணைய ஏலத்தில் அவர் கேட்டது தலைப்பக்கத்தை உயர்த்தக்கூடிய ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டில். பாரிசவாதத்தில் விழுந்த மனைவி அன்னலட்சுமிக்குத் தானாகப் புரள முடியாது. முதுகெல்லாம் புண். நல்ல கட்டில் இல்லாமல் அது ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் தானாக நீளும். நீண்டுகொண்டே போனது. இவர் ஏற்ற, அந்த ஆளும் ஏற்றினான். மாநகரசபைச் சம்பளம் எவ்வளவு தூரம்தான் ஏறும்? தோற்றபோது ஃபோனைச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

வென்றவர் குறித்த நாளில் நேரில் வந்து எடுக்காவிட்டால், பொருள் இரண்டாவதாகக் கேட்டவருக்குப் போகும். ஏலச் சாமான்கள் கிடக்கும் கலகெதரக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜமால்தீன் அப்படித்தான் அவரைக் கூப்பிட்டார். லொறியில் கட்டிலை ஏற்றும்போது, தன்னோடு மல்லுக்கட்டியவன் யார் என்று திருச்செல்வம் விடாமல் கேட்டார்.

"நவரட்ணராஜா எண்டு ஒரு ஐயா. நம்பருக்கு எடுத்தேன், மகள்தான் பேசினா. அவர் மவுத்தாகி ஒரு மாசமாம், ஏலத்துக்கு முந்தியே. இது அவர்ட கட்டில்தான்."

யாரோ அந்த மனுசனின் ஃபோனை வைத்து விளையாடியிருக்கிறார்கள். திருச்செல்வத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவருக்கு எதுக்குங்க கட்டில்?"

ஜமால்தீன் லொறியின் பின்கதவைச் சாத்தினார்.

மஹய்யாவவில் அவர்கள் வீட்டுக்குக் கட்டில் வந்து சேர்ந்தபோது மழை. பக்கத்து வீட்டு ஜெயராணியும் கைகொடுக்க, அன்னலட்சுமியை நடுவில் கிடத்தி, கால்மாட்டுக் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். ஜெயராணி போன பிறகு, தகரக் கூரையில் மழை இரைய, பழைய மெத்தையிலிருந்து தைலமும் வியர்வையும் கலந்த யாரோ ஒருவரின் வாடை மெல்லக் கிளம்பி வீடு முழுக்கப் பரவ, திருச்செல்வம் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அறையில் கைப்பிடி கிரீச்சிட்டது.

நிதானமாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

பழைய சாமான், தானாக இறங்குகிறது. இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று எரிச்சலோடு போய்க் கதவைத் தள்ளினார்.

தலைப்பக்கம் படுத்துவிட்டிருந்தது. அன்னலட்சுமி நடுவில் இல்லை. சுவர்ப்பக்க ஓரத்தில், பக்கக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தாள். அவள் தானாகப் புரண்டு எத்தனையோ மாதம்.

"அவரு தள்ளிப் படுக்கச் சொல்றாருங்க," என்றாள். "இதுக்கு மேல எடம் இல்லங்க."

மெத்தையின் மறுபாதி ஆளளவுக்கு அமுங்கியிருந்தது. யாரும் இல்லை. போர்வை ஏறியது. இறங்கியது.

பிறகு அந்தப் பள்ளம் அவள் பக்கமாக அகலத் தொடங்கியது.