அடைத்த துளை

தண்ணீர் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை, மழை பெய்தும் வாரக்கணக்காகிவிட்டது, இருந்தும் வீட்டின் பின்புறம் புதிதாகப் பூசி முடித்திருந்த நீச்சல்குளத்தின் ஆழப்பக்கத்தில் அன்று காலை ஒரு வாளி அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கினாள். வெள்ளைப் பூச்சு உள்ளங்காலுக்குச் சில்லென்றிருந்தது. சரிவில் இறங்க இறங்க நான்கு பக்கமும் சுவர் உயர்ந்து, தெருவின் சத்தமெல்லாம் காதில் பஞ்சு வைத்தது போல் மங்கிப்போனது. குனிந்து தண்ணீரில் விரலை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் இன்னும் குளத்துக்குள் எட்டவே இல்லை. அப்புறம் எங்கிருந்து சூடு? கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டிப் பிரித்தாள். மெல்லிய இழை ஒன்று நீண்டு அறுந்தது. முகர்ந்து பார்த்தாள். பல் டாக்டரின் மனைவி மட்டுமல்ல, அவருடைய கிளினிக்கில் உதவியாளரும் அவள்தான்; எத்தனையோ ஆண்டுகளாக நோயாளிகளின் உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பல் விளக்காமல் வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பவர்களிடம் என்ன வாடை வரும் என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதே வாடை. சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகும், சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனபோது குமட்டியது.

குளம் மகளுக்காக. பொடிசு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான், பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினால் பை மட்டும் நடந்து போவது போலிருக்கும். பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. நீந்தினால் நுரையீரல் பலப்படும் என்று அவளைப் பார்க்கும் குழந்தைகள் டாக்டர் சொன்னார். பொதுக் குளத்தில் ஊரார் அழுக்கில் என் பெண் முங்குவதா என்று கணவர் ஒற்றைக் காலில் நின்று, தோட்டம் முழுவதையும் தோண்டிவிட்டார். அவளும் மறுக்கவில்லை. அந்த வீட்டில் அவளுடைய காது எப்போதும் ஒரே வேலையைத்தான் செய்தது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அரைத்தூக்கத்திலும் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பது. அது நின்றால் தானும் நின்றுவிடுவோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

குளம் கட்டிய ஒப்பந்தக்காரருக்குக் குளக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீரைப் பார்த்து அவர் சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா, இது அடியில இருக்கிற ஊத்துத் தண்ணி. காலியா இருக்கிற குளத்தை அது கீழேருந்து முட்டித் தள்ளும். விட்டா மொத்தக் குளமும் படகு மாதிரி மேல கிளம்பிடும். அதுக்குத்தான் இந்தத் துளையில ஒருவழி வால்வு வெச்சிருக்கேன். கீழேருந்து தள்ளினா திறக்கும். கொஞ்சம் கக்கிட்டு அடங்கிடும்."

"குளம் கட்டச் சொன்னா ஓட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கீங்க," என்றார் கணவர்.

"டாக்டர், ஓட்டையை அடைக்கிறது உங்க தொழில். ஓட்டையை விடறது என் தொழில். இதுல மட்டும் கை வெச்சிடாதீங்க."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைமுட்டி நுழையும் அளவுக்கு வட்டமான அந்தத் துளையைச் சுற்றிலும் ஈரம் மினுமினுத்தது.

ஈரம் அங்கேயே நிற்கவும் இல்லை. மறுநாள் காலை அது சரிவில் பாதி தூரம் ஏறியிருந்தது, அதற்கடுத்த நாள் படிக்கட்டு வரைக்கும். ஓடி வழிந்த தடமாக இருந்தால் கீழ்நோக்கித்தானே இருக்க வேண்டும்? இது அகலமாக, ஓரங்கள் மழுங்கி, எதையோ தடவித் தேடிக்கொண்டே மேலேறிய தடம். அவள் யாரும் எழுந்திருக்கும் முன் துணியால் துடைத்தாள். சொன்னால் கணவர் கிண்டல் செய்வார்.

பக்கத்து வீட்டுப் பூனையைத் தடியன் என்று பொடிசு செல்லமாகக் கூப்பிடுவாள். ஒரு காலையில் தடியனின் பின்னங்கால்களும் வாலும் மட்டும் துளைக்கு வெளியே நின்றன. வால்வின் மூடியைக் காணோம். கணவர் கையுறை மாட்டிக்கொண்டு, தாடையில் மாட்டிக்கொண்ட பல்லைப் பிடுங்குவது போல நிதானமாக அசைத்து அசைத்து இழுத்தார். வந்தது பாதிதான். அறுபட்ட இடம் கிழியவில்லை. நசுங்கி, சப்பப்பட்டு, வெளுத்திருந்தது. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை.

"பம்ப் இழுத்திருக்கும்," என்றார் அவர், முகத்தைத் துடைத்தபடி.

"பம்ப் இன்னும் மாட்டவே இல்லைங்க."

பூனை ஊரைவிட்டு ஓடிப்போனதாக மகளிடம் சொன்னார்கள். அதன் பிறகு கொஞ்ச நாள் குளம் உலர்ந்து, எலும்பு போல வெளுத்துக் கிடந்தது. அந்த அமைதியை நம்பலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஈரம் திரும்பி வந்தது. இந்த முறை படிகளைத் தாண்டி, சிமென்ட் தளத்தைக் கடந்து, சமையலறையின் பின்கதவு வரைக்கும். இரும்புக் கதவின் அடியிலிருந்து குழந்தையின் உயரத்துக்கு, வழவழவென்று நக்கிவிட்டது போல.

அதைக் கணவரே பார்த்துவிட்டார். அவருக்குப் பயம் வந்தால் கோபம்தான் வெளியே வரும். கடைக்குப் போய் உடனே இறுகும் சிமென்ட் வாங்கி வந்தார். அவள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். துளையைச் சுரண்டி, உலர்த்தி, கிளினிக்கில் செய்வதைப் போலவே அடுக்கடுக்காக அடைத்து, விளிம்பைக் கரண்டியால் இழைத்து, விரலால் தடவிப் பார்த்துத் திருப்தியோடு மேலே வந்தார். சொத்தையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. இருபத்தைந்து வருடப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா?

மறுநாள் விடுமுறை. மதியம் வரைக்கும் ஒன்றுமில்லை. பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியில் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். குளியலறைச் சாக்கடை மூடி எழும்பி எழும்பி விழுந்தது. வீடு முழுக்க அந்த வாடை. பொழுது சாயும் நேரத்தில், தரைக்கு அடியில் யாரோ முதுகைக் கொடுத்து நிமிர்வது போல, குளம் விளிம்போடு ஒரு சாண் மேலே வந்தது. சிமென்ட் தளம் வெடித்தது. பின்கதவின் நிலை கோணிக்கொண்டு, கதவு பாதி திறந்தபடி சிக்கியது.

அவள் குளக்காரருக்குப் போன் செய்தாள்.

"அடைச்சிட்டாரா? ஐயோ, உடனே உடைக்கச் சொல்லுங்கம்மா! குளம் மேல வரவர வீட்டுச் சுவரையும் நெம்பிடும். நான் கிளம்பிட்டேன்."

கணவர் முணுமுணுத்துக்கொண்டே உளியும் சுத்தியலுமாக இறங்கினார். "நீ பொடிசைப் பார்த்துக்கோ. இதோ வந்துடறேன்."

இருட்டிக்கொண்டு வந்தது. குளத்தின் அடியில் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. டங். டங். சிமென்ட் விரிசல்விட்டது. கடைசித் துண்டு உள்ளே போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. விழுங்கிய சத்தம்தான் கேட்டது.

அவர் உளியை வைத்துவிட்டு, வழக்கம் போலவே, விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்று விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

அடுத்த கணம் முழங்கை வரை உள்ளே போயிருந்தது.

அப்படியொரு அலறலை அவள் அதுவரை கேட்டதில்லை. சரிவில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஓடி, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். "இழு! விடாத, இழு!" எலும்பு முறிந்தது. பல்லைப் பிடுங்கும்போது வேர் பிடி விடுகையில் தாடைக்குள் கேட்குமே, அந்தச் சத்தம். இழுத்தாள். ஒரு விரற்கடை வெளியே வந்தது. காலடியில் குளம் உறுமி மேலே எழும்பியது.

"அம்மா!"

பொடிசு. சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். பாதி திறந்த பின்கதவின் இடுக்கில் உடம்பை நுழைத்திருக்கிறாள். எழும்பிய குளம் நிலையை நெரிக்க, கதவும் நிலையும் அவள் நெஞ்சைக் கவ்விப் பிடித்திருந்தன.

"அம்மா... அமுக்குது..."

அவள் காது அந்த மூச்சைப் பிடித்தது. இழைந்து, கீச்சிட்டு, நூலாக. கணவரை இன்னும் பலமாக இழுத்தாள். குளம் இன்னும் எழும்பியது. இரும்பு கிறீச்சிட்டது. மகளின் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

கை சோர்ந்து பிடி நழுவியது. கணவர் தோள் வரை உள்ளே போனார்.

குளம் இறங்கியது. கதவு தளர்ந்தது. மேலே ஒரு நீண்ட மூச்சு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"இழுடீ! என்ன பார்த்துட்டு நிக்கிற?"

அவள் அவர் முதுகில் கை வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பினார். முதலில் நன்றியோடு. பிறகு அவள் இழுக்கவில்லை என்பது தெரிந்து.

"ஏய்... என்ன பண்ற?"

"பொடிசு மூச்சு விடறா," என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அழுதுகொண்டேதான் அழுத்தினாள்.

அவர் மற்றொரு கையால் அவள் கூந்தலைப் பற்றிப் பிய்த்தார். கன்னத்தைக் கீறினார். அவள் விடவில்லை. அவருடைய தோள் மடிந்தது. கழுத்து மடிந்தது. கைமுட்டி நுழையும் துளை. அவ்வளவு பெரிய மனிதர். அவள் எழுந்து நின்று, இரண்டு காலாலும் ஏறி மிதித்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றாக. வெதுவெதுப்பான நீர் ஊறி வந்து, சிந்தியதையெல்லாம் நக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனது. கடைசியில் ஒரு செருப்பு மட்டும் மிச்சம். வெள்ளைத் தரை. ஒரு கறை இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். பொடிசின் நெஞ்சு விடுபட்டிருந்தது. கால் மட்டும் இன்னும் இடுக்கில். குழந்தை எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். கத்தவில்லை. மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அது போதும்.

அப்போது பாதத்துக்கு அடியில் மறுபடி அந்த நிமிர்வு.

வேண்டாம். போதும். வேண்டாம்.

குளம் எழும்பியது. பொடிசு வீறிட்டாள். அவள் தலைக்கு மேல் சுவரில் ஒரு விரிசல் ஓடி, காரை பொலபொலவென்று உதிர்ந்தது. குழந்தையின் மூச்சு மறுபடி கீச்சிடத் தொடங்கியது.

பக்கத்துச் சந்து வழியாகக் காலடி ஓசை. டார்ச் வெளிச்சம். மூச்சு வாங்க ஓடி வந்த குளக்காரர் விளிம்பில் நின்று குழந்தையைப் பார்த்தார்.

"ஐயையோ! கால் மாட்டிக்கிச்சா? இருங்கம்மா, கடப்பாரை எடுத்துட்டு வரேன்! டாக்டர் எங்க?"

"கடப்பாரை வேணாம்." அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக, கிளினிக்கில் அடுத்த நோயாளியைக் கூப்பிடும் குரலாக, பதறாமல் வந்தது. "கீழேருந்து தள்ளுது. துளையைச் சரி பண்ணாதான் கதவு விடும். அவரால முடியலை. நீங்க இறங்கி வாங்க."

அது உண்மைதான். குளக்காரருக்கும் அது தெரியும். சட்டைக் கையை மடித்துக்கொண்டே சரிவில் வேகமாக இறங்கினார். ஈரத்தில் தடுமாறியபோது அவள் கை கொடுத்துத் தாங்கினாள். நல்ல கனமான கை.

"உள்ள ஏதோ அடைச்சிருக்கு போல," என்று அவர் துளையருகே மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வெளிச்சம் மறைக்குது."

மேலே கதவிடுக்கிலிருந்து பொடிசு, வாய் திறந்தபடி, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குழந்தையைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு சத்தமில்லாமல் குளக்காரரின் முதுகுக்குப் பின்னால் வந்து, வலது காலைத் தூக்கினாள்.