முப்பத்திரண்டும் சொந்தம்

கண்ணாடிப் பெட்டியின் உட்பக்கத்தில், யாரோ மூச்சுவிட்டது போல வட்டமாக ஆவி படிந்திருந்தது. பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவ அருங்காட்சியகத்தின் காப்பாளர் அம்மையார் துணியால் வெளியே அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. "ஏசி சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தன்னைத் தவிர உலகத்தில் எதுவும் சரியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

ஆட்களைப் பல்லை வைத்து எடைபோடுகிறவர். துணைவேந்தருக்குத் தூக்கிய பல். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொத்தைப் பல். கட்டிய புருஷனுக்குக் கட்டிய பல். தனக்கு முப்பத்திரண்டும் சொந்தம் என்று துக்க வீட்டில்கூட ஈயென்று காட்டுவார். நூலைக் கடித்துக் கடித்து மேல் முன்பல்லின் மூலையில் பிறை போல ஒரு தேய்மானம். அதையும் லட்சணம் என்பார்.

பெட்டிக்குள் இருந்தது, பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய பேராசிரியர் சாகும்வரை போட்டிருந்த பல்செட். நிஜ மனிதப் பற்களைப் பதித்தது. யாருடையவை என்று அவர் வாய் திறந்ததில்லை. மேல் வரிசையில் முன்பல் ஒன்று காணாமல் போயிருந்தது. மறுநாள் காலை ஆய்வுக்குழு வருகிறது. இந்த ஓட்டை கண்ணில் பட்டால் அருங்காட்சியகத்தை மூடிவிட்டு அம்மையாரை முதலாமாண்டுக்கு வகுப்பெடுக்கத் தள்ளிவிடுவார்கள். அதற்கென்ன, மாணவர்கள் அறுத்துப் பழகும் பற்கள் போட்டிருந்த பாட்டிலிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, வேரை ராவி, மெழுகு வைத்து ஒட்டிவிட்டார்.

"யாரு பல்லோ என்னமோ மேடம்," என்றார் வயதான உதவியாளர். "அவருக்குப் பிடிக்கணுமில்ல?"

"யாருக்கு?"

"போட்டிருந்தவருக்கு."

"முதல்ல உங்க காவிப் பல்ல விளக்குங்க. சாவியக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

"சரிங்க மேடம். நாளைக்குச் சிரிச்ச முகமா இருங்க."

அவர் போனதும், மூடிய ஜன்னல்களின் இடுக்கில் மாலை வெயில் மெலிந்து, பழைய இடுக்கிகளின் நிழல் சுவரில் நீண்டு, யாரும் திறக்காத கிராம்பு எண்ணெயின் வாசனை எங்கிருந்தோ கசிந்து வர, பெட்டிக்குள் 'டிக்' என்றது. ஒட்டிய பல் வெல்வெட்டில் கிடந்தது. மறுபடி ஒட்டிப் பெட்டியைப் பூட்டினார். திரும்புவதற்குள் மறுபடி டிக். துப்பிப் போட்டது போல.

"மட்டமான மெழுகு," என்று திட்டிக்கொண்டே குனிந்தார்.

பாட்டில் பல் கீழேதான் கிடந்தது. ஆனால் வரிசையில் ஓட்டை இல்லை. அங்கே ஒரு பல். மெழுகே இல்லாமல், கச்சிதமாக.

அதன் மூலையில் சின்னப் பிறை.

அவர் நாக்கு தானாகத் தன் மேல் முன்பல்லைத் தேடிப் போனது. வழுவழுப்பான ஈறு. வலி இல்லை. ரத்தம் இல்லை.

டிக். செட்டின் பழைய பல் ஒன்று உதிர்ந்தது. அந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று. அவர் வாய் கொஞ்சம் லேசானது.

டிக். டிக்.

உதவியாளரைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பெட்டியின் கண்ணாடியில் அவர் முகம் பிரதிபலித்தது. சரியாக வாய் இருக்கும் இடத்தில் அந்தப் பல்செட்.

அம்மையார் வாயை மூடினார்.

கண்ணாடியில் இருந்த வாய் மூடவில்லை. ஈயென்று இளித்தபடி, உள்ளிருந்து மெதுவாக மூச்சு விட்டது. ஆவி படிந்தது.