நாற்காலியில் மாட்டிய பை

ஆன்லைன் மீட்டிங்கில், டீமில் எல்லோரும் 'தாடி' என்று கூப்பிடுகிறவன் மைக்கை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் வந்தது. டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக். மேஜை விசிறி திரும்புகிற சத்தம் என்று டீம் லீடர் நினைத்துக்கொண்டான்.

"கேமராவைப் போடச் சொல்லுங்க சார்," என்றாள் பக்கத்து நாற்காலி டெஸ்டர். "ரெண்டு மாசமா வீட்டுலயே அடைகாக்குறாரு. இந்நேரம் குஞ்சு பொரிச்சிருக்கும்."

லீடர் சிரித்தான். மூட்டை தூக்கியவனின் மகன்; முதுகு வலிக்காததெல்லாம் ஒரு வேலையா என்பான். பதினைந்து வருஷமாக அவன் முதுகும் வலித்ததில்லை. தினமும் முதல் ஆளாக வருவான். பையை நாற்காலியில் மாட்டி, லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, அரை நாள் கேன்டீனில் கிடப்பான். பை இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம்.

இப்போது மேலிடம் டீமில் ஒருவனைக் கழிக்கச் சொல்லிவிட்டது. முடித்த வேலையில் தாடி முதலிடம், லீடர் கடைசி. தாடி வீட்டில் தூங்குகிறான் என்று படம் எடுத்துக் காட்டாவிட்டால் போவது லீடரின் வேலைதான்.

மதியம் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் தாடியின் வீட்டுக்குக் கிளம்பினான்.

"தூங்குமூஞ்சி, இன்னைக்கு மாட்டினடா."

மூன்றாவது மாடியில் கதவு சும்மா சாத்தியிருந்தது; தள்ளியதும், காற்றே புகாத அறையின் புழுக்கமும் அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் காய்ந்தது போன்ற நாற்றமும் முகத்தில் வந்து அப்ப, திரைச்சீலை வழியே கசிந்த பழுப்பு வெளிச்சத்தில், தூசி படிந்த தரையில் ஒரு காலடித் தடம்கூட இல்லாததைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

"டேய் தாடி."

டக்.

தாடி நாற்காலியில் இருந்தான். தாடி மட்டும்தான் பழையபடி இருந்தது. மற்றதெல்லாம் தோலும் எலும்பும். விசிறியின் கழுத்திலிருந்து ஒரு நூல் அவன் சுட்டுவிரலுக்குப் போனது. விரலுக்கடியில் மவுஸ்.

விசிறி திரும்பியது. நூல் இழுத்தது. விரல் அமுக்கியது. டக்.

திரையில் தாடியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. மணி மூன்று. மீட்டிங் தானாகத் திறந்தது.

"தாடி, அந்த வேலை என்னாச்சுப்பா?" மேனேஜரின் குரல்.

"முடிஞ்சுது சார்."

தாடியின் குரல்தான். காய்ந்த உதடு அசையவில்லை.

"லீடர் இருக்காரா?"

லீடர் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. திரையில் அவனுடைய சதுரம் தெரிந்தது. அலுவலக நாற்காலி. அதில் பை. வேறு யாருமில்லை.

"இருக்கேன் சார்," என்றது நாற்காலி, அவன் குரலில்.

"சார் எப்பவும் போல முதல் ஆளு," என்று டெஸ்டர் சிரித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓட நினைத்தான். கால் வரவில்லை.

விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. லீடரின் விரலில் நூல் எதுவும் இல்லை. அவனுடைய சுட்டுவிரல் மெதுவாக எழுந்து, வெறும் காற்றை அமுக்கியது.

டக்.