ஓர் ஆள் இடம்

அந்த வெளிநாட்டு ஊரில் அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி கதவைத் திறந்து அண்ணனையும் தங்கையையும் உள்ளே விட்டாள். பெட்டிகளும் உள்ளே வந்தன. ஆனாலும் அவள் கதவைச் சாத்தவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருந்தாள். பிறகுதான் தாழ்ப்பாள் விழுந்தது.

"மூணாவதா யாரையோ எதிர்பார்க்கிறாங்க," என்றாள் தங்கை. "உன் பொண்டாட்டி பின்னாடி வர்றான்னு நினைச்சாங்களோ என்னவோ. பாவம், அவ எங்க பொறந்திருக்கான்னு நமக்கே தெரியல."

"வாயை மூடிட்டு மேல ஏறு, எலி."

தங்கை எழுதும்போது பென்சிலைக் கடிப்பாள். அதனால் வீட்டில் அவள் எலி. அண்ணன் வெளிநாட்டு ஊர்களின் அன்றாடத்தைப் படம் எடுப்பான். ஒவ்வொரு படத்துக்கும் அவள் நாலு வரி எழுதுவாள். இரண்டு புத்தகங்கள் வந்துவிட்டன. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினாள். இந்த முறை அடம்பிடித்துக் கூட வந்துவிட்டாள். கிளம்பும்போது அம்மா அவனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வா."

மறுநாள் காலை ரொட்டிக்கடை வாசலில் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. வரிசை நகர்ந்தது. காலி இடமும் நகர்ந்தது. அது கல்லாவுக்கு வந்ததும் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்திச் சற்று நின்றார். பிறகு அடுத்தவரைப் பார்த்தார்.

பேருந்தில் எட்டுப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள். ஓர் இருக்கை காலி. பூங்கா பெஞ்சில் இரண்டு கிழவர்கள் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "இதுதான் அடுத்த புத்தகம்."

தெருமுனைச் சலவைக்கடைக்காரர் தமிழ் பேசினார். பிழைக்க வந்து இருபது வருடம் ஆகிவிட்டதாம்.

"நடுவுல ஏன் சார் இடம் விடறாங்க?" என்று கேட்டான் அண்ணன்.

"எந்த இடம்?"

கேட்டுக்கொண்டே அவர் தன் நாற்காலியை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டார். யாருக்கும் வழி தேவைப்படவில்லை. கடையில் அவர்கள் மூவர்தான் இருந்தார்கள்.

"மனுஷன் எதையோ மறைக்கிறார்ணா," என்றாள் அவள், வெளியே வந்ததும்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணன் அறையில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"கேமராவைக் கீழ போட்டியா?"

"நானா? கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்கறவன் நீ. நான் எப்போ தொட்டேன்?"

"நேத்து பையை நீதானே தூக்கிட்டு வந்த?"

"பழி போட ஆள் வேணும்னுதான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். எல்லாப் படங்களிலும் ஃபோகஸை அந்தக் காலி இடத்தில்தான் வைத்திருந்தான். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கேமரா பின்னாலிருக்கும் சுவரைப் பிடிக்கும். ஒரு படத்திலும் சுவரைப் பிடிக்கவில்லை. சுவர் மங்கியிருந்தது. சுவருக்கு முன்னால், வெறும் காற்றில், கேமரா எதையோ பிடித்து நின்றிருந்தது.

ஜன்னலைப் படம் எடுத்தான். அவளை எடுத்தான். எல்லாம் தெளிவு. காலி இடத்தில் மட்டும்தான் கோளாறு.

"நாளைக்கு அந்த இடத்துல நீ போய் நில்லு. ஆள் நின்னா எங்க பிடிக்குதுன்னு பார்ப்போம்."

"சம்பளம்?"

"ஒரு ரொட்டி."

காலையில் அவள் போய் நின்றாள்.

வரிசையில் பேச்சு நின்றது. பின்னால் இருந்த பெண் ஓர் அடி பின்வாங்கினாள். முன்னால் இருந்தவர் திரும்பவே இல்லை. சுள்ளென்று வெயில்.

"அண்ணா, இங்க நனைஞ்ச கம்பளி வாடை அடிக்குது."

"சிரி."

அவள் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவன் எடுத்தான். அதே நொடியில் வரிசை முழுவதும் மூச்சு விட்டது. அவன் காதில் விழுந்தது. பதினைந்து பேரின் ஒரே மூச்சு.

ரொட்டிக்குக் கடைக்காரர் அவளிடம் காசு வாங்கவில்லை.

தெருவிலேயே நின்று படத்தைப் பார்த்தான். அவள் சிரிப்பு மங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கேமரா பிடித்திருந்தது. அங்கே தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். அவள் பின்னலின் நுனி. அது முதுகில் தொங்கவில்லை. தோளுக்கு அப்பால் பக்கவாட்டில் நீண்டு நின்றது.

காற்று இல்லை.

அவளிடம் காட்டவில்லை. அழித்தான்.

மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில் இடைவெளி இல்லை. தோளோடு தோள் உரச நின்றார்கள். முதல் முறையாகச் சிரித்துப் பேசினார்கள். பேருந்தில் அவள் ஏறியதும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

இரண்டு பேர்.

"பார்த்தியா, என் அருமை உனக்குத்தான் தெரியல," என்றாள். இறங்கி நடக்கும்போது முகத்தைச் சுளித்தாள். "ஏண்ணா தள்ளித் தள்ளியே நடக்கிற? நான் குளிச்சாச்சு."

அவன் கீழே பார்த்தான். அவன் கால்களுக்கும் அவள் கால்களுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடம் இருந்தது.

அவன் விடவில்லை. கால்கள் விட்டிருந்தன.

அவள் கையைப் பிடித்து ரொட்டிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். கைதான் எட்டியது, தோள் நெருங்கவில்லை. அவள் முன்பு நின்ற இடத்திலேயே அவளை நிறுத்தி, கூட ஒட்டிக்கொண்டதை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் திட்டம். வரிசை திறக்கவில்லை. பல்வரிசை போல இறுகி நின்றது. அவன் தள்ளினான். யாரும் திட்டவில்லை. யாரும் அசையவும் இல்லை.

சலவைக்கடைக்காரர் நண்பகலில் கதவை இறக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அது என்ன?"

"தெரியாது தம்பி. சத்தியமா யாருக்கும் தெரியாது. நான் வந்த வாரமே கால் தானா ஒதுங்கப் பழகிடுச்சு." அவர் குரல் இறங்கியது. "நீங்க கேமரா வழியாவே பார்த்துட்டு இருந்தீங்க. அதான் அப்போ உங்க கால் ஒதுங்கல."

"இதை எப்படி விட்டுத் தொலைக்கிறது?"

அவர் தங்கையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்திலும் பார்க்கவில்லை.

"எங்களுக்கு நீங்க வந்தீங்க," என்றார். கதவு இறங்கியது.

அன்று மாலை அவள் கட்டிலில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

"ம்."

"பின்னலை இழுக்காத."

அவன் அறையின் மறுகோடியில் இருந்தான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பென்சில் வாயிலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கிண்டல் பேசவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஓர் ஆள் இடத்தை அவன் பார்த்தான். அவள் நின்றதால் வந்தது. அவன் போய் நின்றால் அது அவளை விட்டுவிடலாம். நிற்க வைத்தவன் அவன்தான். எழுந்தான். ஓர் அடி வைத்தான். கம்பளி வாடை மூக்கில் ஏறியது.

இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை.

"பரவால்லண்ணா," என்றாள் அவள், மெதுவாக.

மறுநாள் கிளம்பினார்கள். அவர்கள் வாசல் தாண்டியதும் வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள். உடனே. ஒரு மூச்சுகூடக் காத்திருக்கவில்லை.

விமானத்தில் அவள் ஜன்னல் ஓரம், அவன் நடைபாதை ஓரம். இடம் இல்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பிய விமானம் அது. நடு இருக்கைக்கு யாரும் வரவில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"இளைச்சுட்டியேடி எலி. என்ன, வாயே திறக்க மாட்டேங்கிற?" அவன் பக்கம் திரும்பினாள். "பரவால்லடா. சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்ட."

அவன் பெட்டிகளை உள்ளே வைத்தான். தங்கை கூடத்தின் நடுவில் போய் நின்றாள். வாசல் திறந்தே இருந்தது.

"கதவைச் சாத்தும்மா."

"இருடா."

அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். பிறகு கதவைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போல.

"நான் எதுக்குடா நிக்கிறேன்?"

அவன் எண்ணினான். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

பிறகுதான் தாழ்ப்பாள் விழுந்தது.